நான் இடித்த குசினி

மேலாளர் சாவியைக் கையில் தந்துவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். என்னுடைய ஒரே பெட்டியைக் கற்படியில் வைத்துவிட்டுப் பச்சை வர்ணம் பூசிய முன்கதவில் சாவித் துவாரத்தைத் தேடினேன். துவாரம் இல்லை. இரும்புக் கைபிடி இருந்தது, ஆனால் திருகினால் அசையவில்லை. தள்ளிப் பார்த்தேன். தோளாலும் இடித்துப் பார்த்தேன்.

வீட்டு மூலையில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, வாயில் சிகரெட். பன்றிக் கொட்டிலில் வேலை செய்பவள் என்பது வாசத்திலேயே தெரிந்தது.

"அது கதவில்லை. பின்னால் வா" என்றாள்.

டென்மார்க்குக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் டேனிஷ் காதுதான் பிழை விடுகிறது என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். அவள் அதையே சொன்னாள். பின்பக்கம் போனால், பலகைகளால் அடித்த ஒரு பத்தி, ஒரு சாய்ப்புக் கொட்டகை, சுவரோடு சாய்ந்து நின்றது. அதற்குள்தான் உண்மையான கதவு இருந்தது. குனிந்து நுழைந்தும் நெற்றியில் அடிபட்டது. நான் ஐந்தடி ஏழங்குலம். கதவு அதைவிடக் குட்டை.

ஓல்போர்க்குக்குத் தெற்கே, பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பிரபுவின் பண்ணை அது. மாளிகைக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் உயரமான மரங்கள் நின்றன. பாதையின் ஒரு பக்கத்தில் ஆறு சிறிய வீடுகள் வரிசையாக இருந்தன. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் பண்ணைக் கூலிகளுக்கென்று கட்டியவை. நான் இருந்தது நான்காவது வீட்டில். பன்றிக் கொட்டில் பெண் மூன்றாவது வீட்டில். அவள் அந்த வீட்டிலேயே பிறந்தவள்.

இந்த வீடுகளைப் பற்றி எழுதும்போது என் எழுத்து சூடாகிவிடுகிறது. முப்பது வருடம் கடந்தும் அது ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் முயற்சிக்கவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நான் படவரைஞராக இருந்தேன். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அதைக் கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினான் என்பது எனக்குக் கொஞ்சம் பிடிபடும். இந்த வீடுகள் பாதையில் குதிரை வண்டியில் போகிற ஒருவனின் கண்ணுக்காகக் கட்டப்பட்டவை. பாதையைப் பார்த்த பக்கத்தில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர், அதன் கீழே ஒரு முழம் உயரத்துக்குக் கறுப்புத் தார், நடுவில் பச்சைக் கதவு, கதவுக்கு இரு புறமும் அளந்து வைத்தது போல ஒவ்வொரு ஜன்னல். மேலே நாணற்புல் வேய்ந்த கனத்த கூரை. தபால் அட்டையில் போடலாம், போட்டும் இருந்தார்கள். ஊர்க் கடையில் அந்த வரிசையின் படம் விற்றது.

உள்ளே ஒரு அறைதான். அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சேமிப்பறை. நான் கையை உயர்த்தினால் விட்டத்தில் படும். வயல் பக்கச் சுவரில் ஜன்னல் இல்லை. வெயில் வருகிற பக்கம் அதுதான், அந்தப் பக்கம் மூடிய சுவர். பாதைப் பக்கம் வடக்கு, அங்கேதான் இரண்டு ஜன்னல்களும். குளிர்காலத்தில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். கூலிக்குத் தேவையான வெளிச்சத்தைவிட முதலாளிக்குத் தேவையான காட்சி முக்கியமாக இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் தகப்பன் காலத்தில் அந்த ஒரே அறையில் பதினொரு பேர் படுத்தார்களாம்.

பின்பக்கத்துப் பத்திகள் பிரபு கட்டிக் கொடுத்தவை அல்ல. கூலிகளே காலத்துக்குக் காலம் கிடைத்த பலகை, தகரம், பழைய ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிக்கொண்டவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. குசினி, கழிவறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் அதற்குள்தான். ஆறு வீட்டிலும் மனிதன் மனிதனாக இருக்கக்கூடிய இடம் அந்தப் பத்தி மட்டுமே.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் மனைவி. கலியாணம் கட்டி நான்கு மாதம் ஒன்றாக இருந்தோம். அதன் பிறகு நான் ஓடி வரவேண்டியதாயிற்று. அகதி அந்தஸ்து கிடைத்தவுடன் குடும்ப இணைவுக்கு விண்ணப்பித்தேன். அது சட்டம் தந்த உரிமை, யாரும் இரங்கித் தருவதல்ல. ஓல்போர்க்கில் எங்கள் ஊர்ப் பொடியங்கள் ஐந்து பேரோடு ஒரு பிளாட்டில் இருந்தேன். கொம்யூனில், அதாவது நகரசபையில், என் கோப்பைப் பார்த்த அதிகாரி, நிரந்தர வேலையும் தனி வீடும் இருந்தால் நல்லது என்றார். பண்ணையில் கிறிஸ்மஸ் மரக் காட்டில் வேலை இருந்தது, வேலையோடு வீடும் தந்தார்கள். அதனால் போனேன்.

முதல் வசந்தம் முழுக்கப் பத்தியைத்தான் திருத்தினேன். தரைக்குப் பலகை போட்டேன். தெற்குப் பக்கம் பலகையை அறுத்து, பன்றிக் கொட்டிலில் கழற்றிப் போட்டிருந்த ஒரு ஜன்னலைப் பொருத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் அதை எடுத்துத் தந்தாள், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். அடுப்பு மேடையை என் மனைவியின் உயரத்துக்கு அடித்தேன். அவள் எனக்குத் தோள் மட்டம், அதைக் கணக்கு வைத்து மேடையை நான்கு அங்குலம் தாழ்த்தினேன்.

"உனக்கு முதுகு நோகப் போகிறது" என்றாள் அந்தப் பெண்.

"மேடை எனக்கில்லை. என் மனைவிக்கு" என்றேன்.

"எப்ப வருகிறாள்?"

"சில மாதத்தில்."

அவள் தலையாட்டிவிட்டுப் புகையை வெளியே விட்டாள்.

அந்தக் குசினியின் வரைபடத்தை மனைவிக்கு அனுப்பினேன். அளவுகளோடு, ஜன்னல் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, சம்பல் அரைக்கிற அம்மியை எங்கே வைக்கலாம் என்று குறித்து அனுப்பினேன். அவள் பாடசாலையில் தையல் படிப்பித்தவள். ஜன்னலின் அளவைப் பார்த்துத் திரைச்சேலை தைக்கத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாள்.

மாதங்கள் போயின. நான் கொம்யூனுக்குத் தொலைபேசி எடுப்பேன். அவர்கள் கொப்பன்ஹேகனில் இருந்த அமைச்சைக் கேட்கச் சொல்வார்கள். கொப்பன்ஹேகனில் ஒரே பதில்தான்: உங்கள் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. என்ன குறை, எந்தப் பத்திரம் வேண்டும், யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் அதே பதில். எழுதிக் கேட்டால் அதே வசனம் கடிதத்தில் வரும், கீழே ஒரு கையெழுத்து இருக்கும். யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கி எங்கள் பக்கத்துச் சனம் எல்லாம் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்த மாதங்களிலும் கோப்பு பரிசீலனையில்தான் இருந்தது.

அடுத்த கோடையில் நகரத்திலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். அந்த வரிசையைப் பழைய நிலைக்குத் திருத்துவதற்குப் பண்ணை அவரை அமர்த்தியிருந்தது. உயரமான, மரியாதையான மனிதர். வரிசையின் முன்னால் அரைமணி நேரம் அசையாமல் நின்று பார்த்தார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று மேலாளர் என்னை அனுப்பினார்.

இரண்டு நாள் நாடாவைப் பிடித்தேன். மூன்றாம் நாள் அவருடைய தாளில் ஒரு பிழையைக் காட்டினேன். நான்காம் நாள் பேனை என் கையில் இருந்தது. சொந்தத் தொழில் திரும்பக் கைக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாலை வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அவர் தந்த நல்ல தாளில் ஆறு வீட்டையும் வரைந்தேன்.

அந்தப் பச்சைக் கதவுகள் பிற்காலத்தில் அடைக்கப்பட்டவை என்பது அவருடைய எண்ணம். திரும்பத் திறந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ச் சுவரில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன். வழி இருந்து அடைத்த சுவர் என்றால் செங்கல் வரிசை ஓரத்தில் உடைந்திருக்க வேண்டும், மேலே ஒரு தாங்கு மரம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஒரே சுவர், ஒரே நாளில் கட்டிய சுவர். பலகைக் கதவை வெளியிலிருந்து சுவரின் மேல் ஆணியடித்திருந்தார்கள். ஆறு வீட்டிலும் அப்படித்தான்.

அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இங்கே எந்தக் காலத்திலும் வழி இருக்கவில்லை" என்றேன். "கூலிகள் பாதைப் பக்கம் வந்து போவதைக் காண விருப்பமில்லை. ஆனால் கதவே இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டில் மாதிரித் தெரியும். அதனால் கதவு மாதிரி ஒன்று."

அவர் முழந்தாளில் இருந்து சுவரைத் தடவிப் பார்த்தார். எழும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

"அபாரம். நாட்டில் இப்படி வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை" என்றார்.

எனக்கு அது கேவலமாகத் தெரிந்தது. அவருக்கு அபாரமாகத் தெரிந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சிரித்தேன்.

அந்தக் கண்டுபிடிப்பை வைத்துத்தான் வரிசையைப் பாதுகாக்க வேண்டும் என்று அவர் அறிக்கை எழுதினார். இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. வரிசை இனி ஃப்ரெடெட். இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, அரசாங்கம் காவல் என்று அர்த்தம். அந்த மொழியில் ஃப்ரெட் என்றால் சமாதானம். அதிலிருந்து வந்த சொல். என் வீட்டுச் சுவருக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது என்று சொல்லி ஓல்போர்க் பொடியங்களைச் சிரிக்க வைத்தேன். அதன் மிச்சக் கதை அப்போது எனக்குத் தெரியாது.

கட்டடக் கலைஞர் இறுதிப் படங்களோடு வந்தார். என் கோடுகள்தான், துப்புரவாகப் பிரதி எடுத்திருந்தார். ஆனால் வீடுகளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆறு பத்தியும் இல்லை.

"பத்திகளை விட்டுவிட்டீர்கள்" என்றேன்.

"அவை மூலக் கட்டடத்தைச் சேர்ந்தவை அல்ல. பிற்காலச் சேர்க்கை. கட்டடத்தின் முகத்தைக் கெடுக்கின்றன."

"அவை பின்பக்கத்தில் இருக்கின்றன. முகத்தை எப்படிக் கெடுக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழுமையைக் கெடுக்கின்றன" என்றார். சேமிப்பறையைக் குளியலறை ஆக்குவார்களாம். அடுப்பும் கழுவு தொட்டியும் அறையின் மூலைக்கு வருமாம். எல்லாம் புதிது, எல்லாம் நல்ல சாமான் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்திருப்பேன்.

அந்த மாதத்தில்தான் மனைவியின் தம்பி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தான். சந்தியில் குண்டு வெடித்திருக்கிறது. அவள் பாடசாலையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்திருக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை, கையில் காயம், வலது காது கேட்கவில்லை என்றான்.

"பிறகு சரிவருமோ?" என்று கேட்டேன்.

"டொக்டர் வராதெண்டுதான் சொல்றார், அத்தான்."

விண்ணப்பம் போட்டு அப்போது இருபது மாதம். ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவள் அந்தச் சந்திக்குப் போயிருக்கவே மாட்டாள். அடுத்த நாள் கொப்பன்ஹேகனுக்கு எடுத்து இதைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு, கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்றாள்.

கிறிஸ்மஸ் மரங்கள் வெட்டி அனுப்பி முடிந்த பிறகு தை மாதத்தில் காட்டில் வேலை குறைவு. ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் எங்களை அழைத்து, திங்கள் தொடக்கம் பத்திகளைப் பிரிக்கிற வேலை என்றார். நாங்கள் நான்கு பேர். என் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பட்டியலை வாசித்தார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை ஓடியது. வேலையோ முகவரியோ மாறினால் கோப்பு திரும்பவும் அடிக்குப் போய்விடும், முதலிலிருந்து தொடங்குவார்கள் என்று. அது உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. கோப்புகள் ஏன் அசையவில்லை என்று தெரியாதபடியால் எல்லாக் கதையும் உண்மை மாதிரி இருந்தது. வேலையை விட்டால் வீடு போகும், வீடு போனால் முகவரி போகும், முகவரி போனால் அவள் வரமாட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதையேதான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை முதலாம் வீட்டில் தொடங்கினோம். செவ்வாய்க்கிழமை மூன்றாம் வீடு.

பக்கத்து வீட்டுப் பெண் பத்தி வாசலில் ரப்பர் சப்பாத்தோடு நின்றாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மேலாளர் ஏதோ சொன்னார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பலகையை நெம்பும் அலவாங்கோடு நின்ற என்னைத்தான் பார்த்தாள்.

"இதை என் அப்பா கட்டினார்" என்றாள். "களவாகக் காட்டில் வெட்டிய மரம். அதற்காக அபராதம் கட்டினார். அதைக் கட்டிவிட்டும் பத்தியை எழுப்பினார். இப்போது நீ உடைக்கப் போகிறாயா?"

அலவாங்கை மாற்றிப் பிடித்தேன். அவள் சொன்னதில் எனக்கு விளங்காத டேனிஷ் ஒன்றும் இல்லை.

மற்ற மூவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒருவன் முதலில் கையை வைக்க வேண்டும். நான் வைத்தேன். ஏன் நான் முதலில் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. மேலாளர் பார்க்கட்டும் என்று நினைத்தேனோ, அவளுடைய பார்வையைத் தாங்க முடியாமல் சீக்கிரம் முடிக்க நினைத்தேனோ. அலவாங்கைப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் செருகி நெம்பினேன். பழைய ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது. அவள் விலகிக்கொண்டாள். சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு வயல் பக்கம் நடந்து போனாள்.

அதே நாள் மதியத்துக்குப் பிறகு என்னுடையது. தெற்கு ஜன்னலை முழுசாகக் கழற்றி வைக்க நினைத்தேன். கூட வேலை செய்தவன் கையிலிருந்து அது நழுவி உடைந்தது. மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன். அடுப்பு மேடையை நானே கோடாலியால் பிளந்தேன். வேறு ஆள் அதைத் தொட நான் விடவில்லை. ஆறு பத்தியும் பிரித்து முடிந்ததும் எல்லாவற்றையும் வயலோரத்தில் குவித்து மேலாளர் நெருப்பு வைத்தார். ஆறு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்துக் கட்டியது ஒரு பின்னேரத்தில் எரிந்து முடிந்தது.

அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. வழியில் கண்டால் தலையை அசைப்பாள், அதுவும் நான் பார்த்தால் மட்டும்.

சில வாரத்தில் கோப்புகள் திடீரென்று அசையத் தொடங்கின. பத்திரிகையில் செய்திகள் வந்தன. நீதி அமைச்சில் தமிழருடைய குடும்ப விண்ணப்பங்களை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று எழுதினார்கள். எங்கள் கோப்பை யாரும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. அது வெறுமனே அடுக்கில் கிடந்திருக்கிறது. நான் பயந்தது, கணக்குப் பார்த்தது, அலவாங்கை எடுத்தது எல்லாம் ஒருவரும் திறக்காத ஒரு கோப்புக்காக. அதைப் பத்திரிகையில் வாசித்த அன்று காட்டில் நின்று ஒரு மரத்தைத் தேவையில்லாமல் வெட்டினேன்.

கோடையில் மனைவி வந்து சேர்ந்தாள். ஓல்போர்க் விமான நிலையத்தில் என்னுடைய வலப்பக்கமாக வந்து நின்றாள். நான் அந்தப் பக்கம் மாறினால் அவளும் மாறினாள். கொஞ்ச நேரத்தின் பிறகுதான் விளங்கியது, கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொள்கிறாள் என்று.

வரிசை அப்போது புதுச் சுண்ணாம்பில் பளபளத்தது. கார் நின்றதும் அவள் சிரித்தாள்.

"வடிவான வீடு" என்றாள்.

பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து ஒரு துணிப் பொதியை எடுத்தாள். திரைச்சேலை. நீல நிறத்தில் சின்னப் பூக்கள்.

"எங்கை அந்த ஜன்னல்?"

"அது இப்ப இல்லை."

"குசினி?"

மூலையில் இருந்த அடுப்பைக் காட்டினேன். அவள் என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் படம் கீறி அனுப்பினீங்களெல்லே?"

"ஓம். இருந்தது. இடிச்சாச்சு."

"ஆர் இடிச்சது?"

பண்ணைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நான்தான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கதவைக் கண்டுபிடித்தது, கையைக் குலுக்கியது, பட்டியல், பக்கத்து வீட்டுக்காரியின் பத்தி, எல்லாம். அவள் தலையைச் சரித்து இடது காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. முகம் இறுகிக்கொண்டு வந்தது.

"எனக்காண்டி எண்டு சொல்லாதேங்கோ" என்றாள் கடைசியில். "நான் கேக்கேல்லை. என்ரை பேரைச் சொல்லி இன்னொரு பொம்பிளையின்ரை அடுப்பை உடைச்சனீங்கள். நான் இஞ்சை இருந்திருந்தால் விட்டிருப்பனோ?"

"வேறை வழி தெரியேல்லையப்பா."

"அந்த மனிசியிட்டைப் போய்ச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"ஆறு மாசமாப் பக்கத்து வீட்டிலை இருந்துகொண்டோ?"

அவள் வந்த களைப்போடு, உடுப்புக்கூட மாற்றாமல், அப்பவே எழும்பினாள். நான் பின்னால் போனேன். மூன்றாம் வீட்டுக் கதவை அவள்தான் தட்டினாள்.

பன்றிக் கொட்டில் பெண் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் வழியெல்லாம் மனதில் கட்டிய டேனிஷ் வசனம் நீளமாக இருந்தது.

"உன் பத்தியை நான் உடைத்தேன். நான் உடைத்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். மனைவியைப் பார்த்து, "இவள்தானா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

உள்ளே வரச் சொன்னாள். அவளுடைய மூலையிலும் அதே புது அடுப்பு. கோப்பி ஊற்றித் தந்தாள். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உன் இடத்தில் இருந்தால் நானும் உடைத்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம். இந்த வரிசையில் ஒருவரை வைத்து ஒருவரை உடைப்பது புதிதில்லை. அப்பா களவாக மரம் வெட்டியதைக் காட்டிக் கொடுத்தது ஐந்தாம் வீட்டுக்காரன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனைவிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கோப்பியைக் குடித்து முடித்து, போகும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வீட்டில் நாங்கள் நான்கு மாதம் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துச் சனம் வரிசையைப் பார்க்க வந்தார்கள். பச்சைக் கதவின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஒரு ஞாயிறு மனைவி எழும்பிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்ற தம்பதிக்கு மிக அருகில் தன் முகத்தை வைத்து, அவர்கள் வெட்கப்பட்டு விலகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பின்னேரமே நான் ஹேர்னிங்கில் இருந்த சிநேகிதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே துணி ஆலையில் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. வாடகைக்கு எடுத்தது மூன்றாம் மாடியில் ஒரு சாதாரணப் பிளாட். யாரும் வந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

தொண்ணூற்று மூன்றில், தமிழருடைய கோப்புகளை ஒதுக்கி வைத்தது பற்றிய விசாரணை அறிக்கை வெளியே வந்தது. அரசு விழுந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. வென்றுவிட்டோம் என்றார்கள். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் எங்கள் ஆட்கள் கேக் வெட்டினார்களாம். மனைவி செய்தியை முழுக்கப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தினாள். அடுத்த நாள் அவளுக்குக் காலை முறை, எனக்கும் காலை முறை.

ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் என்னுடைய மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல மனிதர், மகிழ்ச்சியோடுதான் வந்தார்.

"உங்களுக்கு நீதி கிடைத்துவிட்டது. இந்த நாட்டைப் பற்றிப் பெருமையாக இருக்கிறது" என்றார்.

வழக்கமாக நான் சிரித்துவிட்டுப் போகிறவன். அன்றைக்குக் கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தேன்.

"நாடாளுமன்றத்துக்கு உண்மையைச் சொல்லவில்லை என்பதற்காக அரசு விழுந்தது" என்றேன். "என் மனைவியை அங்கேயே விட்டு வைத்ததற்காக விழவில்லை. இன்றைக்கு வரை அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு கடிதம் வரவில்லை. அவள் அதோ, மூன்றாவது தையல் மிசினில் இருக்கிறாள். விரும்பினால் நீங்கள் போய்க் கேளுங்கள்."

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழும்புவார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் முடிந்தது என்றார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனோம்.